கிரைண்டிங் வீலுக்குள் ஒரு தமிழ்ச் சொல்!



ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் வீலைத் தொடாத டிப்ளமோக்காரன் உண்டா? சிலிக்கான் கார்பைடு வீலுக்குக் 'கார்போரண்டம்' என்றும் பெயர் என வைவாவுக்கு உருப்போட்டு வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்ததுன்னு யாராவது கேட்டோமா?

1891. அமெரிக்காவின் எட்வர்ட் அச்செசன், செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கோக் தூளையும் இரும்புக் கிண்ணத்தில் போட்டு மின்சாரம் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. பளபளவென்று சில படிகங்கள் வந்தன. அவை கண்ணாடியைக் கீறின! கார்பனும், களிமண்ணிலுள்ள அலுமினாவும் சேர்ந்த பொருள் என்று நினைத்தார். அலுமினாவின் படிகத்துக்குக் கொரண்டம் என்று பெயர். ஆகவே கார்பன், கொரண்டம் இரண்டையும் ஒட்டிக் 'கார்போரண்டம்' என்றார். பிறகு பார்த்தால் அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது. கொரண்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது!

சரி, கொரண்டம் யார் வீட்டுப் பிள்ளை? ஆங்கில அகராதியைப் புரட்டுங்கள். 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லைக் காட்டும். வடமொழிக் 'குருவிந்தம்' அதற்குச் சொந்தம். கல்லோடு பெயரும் கப்பலேறியது. 1798-இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9. துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல்.

'எல்லாமே தமிழிலிருந்துதான் போச்சு' என்று மார்தட்ட இதை எழுதவில்லை. தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்தவன், முதல் வருடம் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு மிரண்டு அரியர் வைக்கிறான். சிலர் பாதியிலேயே ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை, சொல்லைக் கண்டு பயம்! டெக்னிகல் வார்த்தைகள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஆங்கிலக்காரனும் கடன் வாங்கினான். கண்டுபிடித்தவரே தவறான பெயரும் வைத்தார். அப்புறம் நமக்கென்ன நடுக்கம்?

என் யோசனை இதுதான். நம் யூனியன் நோட்டீஸ் போர்டில் வாரம் ஒரு சொல் எழுதுவோம். அது எங்கே பிறந்தது, என்ன பொருள், உண்மையில் எதைக் குறிக்கிறது என மூன்றே வரி, தமிழில். சீனியர்கள் எழுதுங்கள், ஜூனியர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மனப்பாடம் செய்த சொல் பரீட்சை ஹாலில் காலை வாரும். பிரித்துப் பார்த்த சொல் கூடவே வரும், நண்பா!