விம்பிள்டனில் 23 பேர் இறங்கினர். கிண்ணம் வந்ததோ இரட்டையரில்

லண்டன், ஜூலை 15 – இவ்வாண்டு விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் ஒற்றையர் பிரிவுகளில் களமிறங்கிய பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் 23 பேர். 1984ஆம் ஆண்டுக்குப் பிறகு இத்தனை பேர் அங்கு ஆடியதில்லை. போட்டி தொடங்கிய ஜூன் 30ஆம் தேதி ஒரே நாளில் ஏழு பேர் வெற்றி பெற்றார்கள். உள்ளூர் ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு கணக்கு வேகமாகக் குறைந்தது. இரண்டாம் சுற்றில் பத்துப் பேர், மூன்றாம் சுற்றில் மூன்று பேர், நான்காம் சுற்றில் இரண்டு பேர். காலிறுதியை எட்டியவர் கேமரன் நோரி ஒருவர்தான். அவரையும் ஜூலை 8ஆம் தேதி கார்லோஸ் அல்காரஸ் 6-2, 6-3, 6-3 என்ற செட்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த 23 என்ற எண்ணே சற்று ஏமாற்றக்கூடியது. தரவரிசையின் பலத்தில் நேரடியாக நுழைந்தவர்கள் சிலர்தான். பாதிக்கும் மேற்பட்டோர் ‘வைல்ட் கார்டு’ எனும் சிறப்பு அனுமதியில் வந்தவர்கள். தரவரிசை போதாவிட்டாலும் ஏற்பாட்டாளர்கள் விரும்பிய சிலருக்கு இடம் தரலாம் என்பது விதி. விம்பிள்டனில் அந்த இடங்களில் பெரும்பாலானவை உள்ளூர்க்காரர்களுக்கே போகும். 2025ல் முதல் சுற்றில் தோற்றாலும் 66,000 பவுண்டு கையில் கிடைத்தது. ஆண்டு முழுவதும் சிறிய போட்டிகளில் சொந்தச் செலவில் அலையும் ஓர் இளையருக்கு அது பெரிய தொகை. ஆனால் அதை வைத்து நாட்டின் டென்னிஸ் வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 23 பேரில் 13 பேர் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டினார்கள்.

உண்மையான ஏமாற்றம் ஜேக் டிரேப்பர். 23 வயது, இடக்கை ஆட்டக்காரர். கடந்த மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில் அரையிறுதியில் அல்காரசையும் இறுதியில் ஹோல்கர் ரூனையும் வென்று கிண்ணம் தூக்கினார். மே மாதம் மட்ரிட்டில் களிமண் தரையிலும் இறுதி ஆட்டம் வரை போனார். விம்பிள்டனுக்கு வந்தபோது அவர் போட்டியின் நான்காம் நிலை ஆட்டக்காரர். ஆண்டி மரே கடந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றதால், அந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் ரசிகர்களுக்கு இருந்தது.

இரண்டாம் சுற்றில் எதிரே நின்றவர் குரோவேஷியாவின் மரின் சிலிச். வயது 36. முழங்கால் அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு மீண்டு வந்தவர். ஆனால் அவர் 2014ல் அமெரிக்கப் பொது விருதை வென்றவர், 2017ல் விம்பிள்டன் இறுதியில் ஆடியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. 6-4, 6-3, 1-6, 6-4 என்று டிரேப்பரை வெளியேற்றினார். மூன்றாவது செட்டைத் தவிர வேறு எதிலும் டிரேப்பரின் கை ஓங்கவில்லை.

இதை ஒரு நாள் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. 2021ல் முதல் சுற்று, 2022லும் 2024லும் இரண்டாம் சுற்று, இப்போது மீண்டும் இரண்டாம் சுற்று. விம்பிள்டனில் அவர் இதுவரை அதைத் தாண்டியதே இல்லை. பிறந்த மண் என்பதற்காகப் புல்தரை தானாகக் கைகொடுத்துவிடாது. இன்றைய ஆட்டக்காரர்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் கடினத் தரையிலும் களிமண் தரையிலும் கழிக்கிறார்கள். பிரெஞ்சுப் பொது விருது முடிந்து விம்பிள்டன் தொடங்கும்வரை இடைவெளி மூன்றே வாரம். புல்லில் பந்து தாழ்வாக வரும், வழுக்கிக்கொண்டு போகும். உயரமான டிரேப்பர் குனிந்து அடிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நேரம் கொடுக்காமல் சிலிச் தட்டையாக, வேகமாக அடித்துக்கொண்டே இருந்தார். தோற்ற பிறகு டிரேப்பர், மரே அங்கு சாதித்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அது சாக்கு அல்ல. 2013ல் மரே வெல்வதற்கு முன், பிரிட்டிஷ் ஆடவர் ஒருவர் அங்கு வென்று 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. டிம் ஹென்மன் நான்கு முறை அரையிறுதிவரை போயும் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

எம்மா ராடுகானுவின் கதை வேறு. அவரும் தோற்றார், ஆனால் தோற்ற விதத்தில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. 2021ல் 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பத்து ஆட்டங்களில் ஒரு செட்டையும் இழக்காமல் அமெரிக்கப் பொது விருதை வென்றவர் அவர். அதற்குப் பிறகு இரண்டு மணிக்கட்டுகளிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை, மாறிக்கொண்டே இருந்த பயிற்றுநர்கள், விளம்பர ஒப்பந்தங்கள் பற்றிய ஓயாத பேச்சு. இவ்வாண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இகா ஸ்வியாடெக்கிடம் 6-1, 6-0 என்று தோற்றார். ஒரே ஒரு கேம். மே மாதம் பாரிசில் அதே ஸ்வியாடெக்கிடம் மூன்று கேம்.

விம்பிள்டனில் இரண்டாம் சுற்றில் 2023ன் வெற்றியாளர் மார்கெட்டா வோன்ட்ரூசோவாவை 6-3, 6-3 என்று வீழ்த்தினார். மூன்றாம் சுற்றில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் அரினா சபலென்காவிடம் 7-6, 6-4 என்று தோற்றார். முதல் செட்டைக் கைப்பற்ற அவருக்கு வாய்ப்பு வந்தது. இரண்டாவது செட்டில் 4-1 என்று முன்னிலையிலும் இருந்தார். அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ந்து பறிகொடுத்தார். சபலென்காவின் அடியில் இருக்கும் கனம் ராடுகானுவிடம் இல்லை. அது இனி வரப்போவதும் இல்லை. பந்தைச் சீக்கிரமாக எடுத்து, எதிராளியின் நேரத்தைத் திருடுவதுதான் அவர் வழி. அந்த வழி மீண்டும் வேலை செய்கிறது என்பதை அந்த ஆட்டம் காட்டியது. நெருக்கடியான கட்டத்தில் இரண்டாவது சர்வீஸ் தாங்குமா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

சோனாய் கார்ட்டலை இந்தப் போட்டிக்கு முன் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிரைட்டனைச் சேர்ந்த அவர், முதல் சுற்றில் ஒஸ்டபென்கோவை வீழ்த்தி, முதன்முறையாக நான்காம் சுற்றுக்கு வந்தார். அங்கு அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவிடம் 7-6, 6-4 என்று தோற்ற ஆட்டம் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. கோட்டு நடுவர்களை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்த முதல் ஆண்டு இது. கார்ட்டல் அடித்த பந்து வெளியே விழுந்தது தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்தது. இயந்திரம் வாய் திறக்கவில்லை. யாரோ தவறுதலாக அதன் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தார்கள்! பந்தை மறுபடி ஆடச் சொன்னார்கள், கேம் கார்ட்டலுக்குப் போனது. ஆட்டத்தை வென்றதால் பாவ்லியுசென்கோவாவின் கோபம் அத்தோடு அடங்கியது.

கேட்டி போல்டர் முதல் நாளில் ஒன்பதாம் நிலை பாவ்லா படோசாவை வென்ற கையோடு, அடுத்த சுற்றில் அர்ஜென்டினாவின் சொலானா சியராவிடம் தோற்றார். சியரா தகுதிச் சுற்றில் தோற்று, வேறொருவர் விலகியதால் உள்ளே வந்தவர். சர்வீஸில் இரட்டைத் தவறுகளை அள்ளிக் கொடுத்தால் எதிராளி யாராக இருந்தாலும் இதுதான் முடிவு.

நோரிக்கு வருவோம். 29 வயது. ஜோஹானஸ்பர்க்கில் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவின் டெக்சஸில் பல்கலைக்கழகப் படிப்போடு ஆட்டம் கற்றவர். 2022ல் விம்பிள்டன் அரையிறுதி, அதே ஆண்டில் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம். பிறகு முன்கைக் காயம் அவரைக் கீழே தள்ளியது. இம்முறை தரவரிசையில் 60க்கும் கீழே இருந்தபடி வந்தார். நான்காம் சுற்றில் சிலியின் நிக்கோலஸ் ஜாரியை இரண்டு செட் முன்னிலையில் வைத்திருந்தும், அடுத்த இரண்டு செட்களை டைபிரேக்கில் இழந்து, ஐந்தாவதில் 6-3 என்று பிடித்தார். ஆட்டம் நான்கு மணி நேரம் 27 நிமிடம் நீடித்தது. அவரிடம் மின்னல் அடிகள் கிடையாது. ஓடிக்கொண்டே இருப்பார், எதிராளி களைக்கும்வரை விடமாட்டார். அந்த வகை ஆட்டம் அல்காரஸ் போன்றவரிடம் செல்லாது என்பதும் மறுநாளைக்கு மறுநாளே தெரிந்துவிட்டது.

நோரி படித்த பாதையைக் கவனிக்க வேண்டும். ஜேக்கப் ஃபியர்ன்லி அதே டெக்சஸ் பல்கலைக்கழகம். முதல் சுற்றில் 20ஆம் நிலை பொப்பிரினை வீழ்த்திய ஆர்தர் ஃபெரி ஸ்டான்ஃபர்டில் படித்தவர். இரண்டாம் சுற்றில் அல்காரசிடம் 6-1, 6-4, 6-4 என்று கௌரவமாகத் தோற்ற ஆலிவர் டார்வெட், அப்போது சான் டியேகோவில் மாணவர். தரவரிசையில் 733ஆம் இடத்திலிருந்து, தகுதிச் சுற்றுகளைக் கடந்து வந்தவர் அவர். விம்பிள்டன் போட்டியின் உபரி வருமானத்தில் 90 விழுக்காடு பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கத்துக்குப் போகிறது. அப்படியிருந்தும் அந்நாட்டின் ஆடவர் பலர் பக்குவப்பட்டது அமெரிக்கக் கல்லூரித் திடல்களில். மரேகூட 15 வயதில் பார்சிலோனாவுக்குப் போய்த்தான் கற்றார். பணம் இருக்கிறது, மைதானமும் இருக்கிறது. நாள்தோறும் கடுமையாக மோத ஆள் கிடைப்பதுதான் உள்ளூரில் அரிது என்று இதிலிருந்து தோன்றுகிறது.

டார்வெட்டின் பணக் கதையும் சுவாரஸ்யமானது. இரண்டாம் சுற்றுக்கு 99,000 பவுண்டு பரிசு. நம் கணக்கில் ஐந்து லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். ஆனால் 2025ல் இருந்த அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிப்படி மாணவர் ஒருவர் 10,000 டாலரும் செலவுத் தொகையும் மட்டுமே எடுத்துக்கொள்ள முடிந்தது. முழுப் பணத்தையும் வாங்கியிருந்தால் கல்லூரி அணியில் இடம் போயிருக்கும்.

ஒற்றையரில் கை நழுவியது ஜூலை 12ஆம் தேதி இரட்டையரில் வந்து சேர்ந்தது. ஜூலியன் கேஷ், லாய்டு கிளாஸ்பூல் இருவரும் ஹிஜிக்காட்டா – டேவிட் பெல் இணையை 6-2, 7-6 என்று வென்று ஆடவர் இரட்டையர் கிண்ணத்தைத் தூக்கினார்கள். இருவரும் பிரிட்டிஷ்காரர்களாக உள்ள ஓர் இணை அங்கு வென்றது 1936க்குப் பிறகு இதுவே முதல் முறை. 2023ல் நீல் ஸ்கப்ஸ்கியும் 2024ல் ஹென்றி பேட்டனும் வென்றபோது பக்கத்தில் வெளிநாட்டு இணைதான் நின்றது. கேஷும் கிளாஸ்பூலும் குவீன்ஸ், ஈஸ்ட்போர்ன் போட்டிகளையும் அடுத்தடுத்து வென்றுவிட்டுத்தான் விம்பிள்டனுக்கு வந்தார்கள். அவர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களே. ஒற்றையர் வெற்றியாளருக்கு 30 லட்சம் பவுண்டு. இவர்கள் இருவருக்கும் சேர்த்து 680,000 பவுண்டு. செய்தித்தாள்களில் கிடைக்கும் இடமும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான்.

அடுத்தது அமெரிக்கப் பொது விருது. புல்தரை முடிந்து கடினத் தரை என்பதால் டிரேப்பருக்கு அது சொந்த வீடு மாதிரி. கடந்த ஆண்டு அங்கு ஒரு செட்டும் இழக்காமல் அரையிறுதிக்குப் போய் யானிக் சின்னரிடம் தோற்றார். அதுவே சுமையும் ஆகிறது. அன்று பெற்ற 800 புள்ளிகள் கணக்கிலிருந்து கழியும். மீண்டும் அதே தூரம் போகாவிட்டால் தரவரிசையில் சரிவார். உடம்பும் ஒரு கவலை. ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் மூன்று ஐந்து செட் ஆட்டங்களை வென்ற பிறகு, இடுப்பு வலியால் அல்காரசுக்கு எதிராகப் பாதியில் விலகியவர் அவர்.

ராடுகானுவின் நிலை தலைகீழ். கடந்த ஆண்டு நியூயார்க்கில் முதல் சுற்றிலேயே சோஃபியா கெனினிடம் தோற்றதால் இழக்க எதுவுமில்லை, கிடைப்பதெல்லாம் இலாபம். முதல் 32 பேருக்குள் வந்து நிலை ஆட்டக்காரராக நுழைந்தால், மூன்றாம் சுற்றுவரை சபலென்கா போன்றவர்களைச் சந்திக்காமல் தப்பலாம். அதற்குக் கனடாவிலும் சின்சினாட்டியிலும் சில வெற்றிகள் தேவை. காயத்தால் கடந்த ஆண்டு அங்கு ஆடாத நோரிக்கும் இழப்பதற்குப் புள்ளி இல்லை. நான்காம் சுற்றுவரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் அது ஆசை. பதினாறு வயது ஹன்னா கிளக்மன், மிக்கா ஸ்டோய்சாவ்லியெவிச் இருவரும் விம்பிள்டனில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அவர்களை இந்த ஆண்டு கணக்கில் சேர்ப்பது அவர்களுக்கே நல்லதல்ல.

நியூயார்க்கில் ஒற்றையர் ஆட்டங்கள் ஆகஸ்ட் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்குகின்றன. அங்கு காலை 11 மணி என்றால் மலேசியாவில் இரவு 11 மணி. அங்கு இரவில் நடக்கும் பெரிய ஆட்டங்கள் இங்கு காலை 7 மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஆரம்பிக்கும்.