பருத்த உடலும் பழிச்சொல்லும்

பருத்த உடலைக் கண்டால் பழிச்சொல் கூறுவது சமுதாயத்தில் வழக்கமாகிவிட்டது. “வாயைக் கட்டத் தெரியாதவன்” என்பர் பெரியோர். “குண்டன்” என்பர் உடன் பயிலும் மாணாக்கர். கற்றறிந்த ஆசிரியருள்ளும் சிலர் வகுப்பிலேயே இதனைச் சொல்லி நகைப்பதுண்டு. உடற்பருமன் மனவுறுதி இன்மையின் விளைவே என்பது இவர்தம் முடிவு. இம்முடிவு அறிவியலுக்கும் ஒவ்வாது, அறத்திற்கும் ஒவ்வாது.

பசியை வயிற்றின் செயலாக மட்டும் கருதுவதே இப்பிழையின் வேர். 1912இல் கேனன், வாஷ்பர்ன் எனும் இருவர், இரைப்பையின் சுருக்கமே பசியுணர்வு என்றனர். ஆனால், இரைப்பை நீக்கப்பட்டவர்க்கும் பசி எடுக்கிறதே! 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் சிறு சிதைவை உண்டாக்கினர். எலிகள் அளவின்றிப் பருத்தன. 1951இல் இந்திய உடலியல் அறிஞர் ஆனந்தும் அமெரிக்கரான புரோபெக்கும் அதன் பக்கப் பகுதியைச் சிதைத்தனர். எலிகள் உணவு முன்னிருந்தும் உண்ண மறுத்தன. முன்னவை ஒழுக்கம் கெட்டவையோ? பின்னவை நோன்பு நோற்றவையோ?

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. எனினும், ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே கொள்கிறது. அதன் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். வளர்ந்த ஒருவரின் குருதி முழுவதிலும் வழக்கமாக இருக்கும் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவே ஆகும். இத்துணைச் சிறு இருப்பை நம்பி வாழும் மூளை, அதனை இடையறாது காவல் காக்கிறது. ஹைப்போதலாமஸிலும் மூளைத்தண்டிலும் உள்ள சில நரம்பணுக்களே அக்காவலர். அவற்றுள் ஒருவகை, குளுக்கோஸ் மிகும்போது கிளர்ச்சியுறும். அதனை எரித்துப் பெறும் ஆற்றல், அணுச்சவ்விலுள்ள பொட்டாசியம் வாயிலை அடைப்பதே அதற்குக் காரணம். மற்றொரு வகை, குளுக்கோஸ் குறையும்போது விழித்தெழும். குறைவு மிகுந்தால், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடும், பசியும் மூளும்.

நெடுங்காலச் சேமிப்புக்கும் கணக்கு உண்டு. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் எனும் சுரப்பு, கொழுப்பின் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது. இருப்பு குறைந்தால் மூளை பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர் 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்து ஆராயப்பட்டனர். அவர்கள் கொள்கைக்காகப் போர்க்களம் செல்ல மறுத்த உறுதியாளர்கள். அவர்தம் சிந்தையையும் உணவே ஆட்கொண்டது, நாடித்துடிப்பும் தளர்ந்தது. அத்தகையோரையே வென்ற பசியை, பத்து வயதுப் பிள்ளை வெல்லவில்லை என்று வைவது நீதியாகுமா?

1999இல் இங்கிலாந்து மருத்துவர் ஓர் ஒன்பது வயதுச் சிறுமியின் நிலையை வெளியிட்டனர். அவள் எடை 90 கிலோவைக் கடந்திருந்தது. பிறவியிலேயே அவள் உடலில் லெப்டின் இல்லை. ஊசிவழி அது செலுத்தப்பட்டதும் பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. அறிவுரையால் அன்று, குறையை அறிந்ததால் வந்த மாற்றம் அது. இத்தகைய பிறவிக்குறை அரிதே. ஆயினும், பசியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும், அவ்வேறுபாட்டில் பரம்பரைக்குப் பெரும்பங்குண்டு என்பதும் மறுக்கவொண்ணா உண்மைகள்.

“வள்ளுவரே அளவறிந்து உண்ணச் சொன்னாரே” என்பர் சிலர். உண்மை. ஆனால், நோயின் காரணத்தை ஆய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்க என்பதும் அதே ‘மருந்து’ அதிகாரத்தில்தான் உள்ளது. முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னதை மறப்பது எவ்வகைக் குறட்பற்று?

அவ்வாறாயின் எதையும் எவ்வளவும் உண்ணலாமா எனின், அன்று. மூளையின் கணக்கு சூழலோடு பிணைந்தது. மலேசிய அரசு 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்குத் தீர்வை விதித்தது. தனிமனித உறுதி ஒன்றே போதுமாயின் அத்தீர்வைக்குத் தேவை ஏது? பள்ளியின் கடமையும் அதுபோன்றதே. சிற்றுண்டிச் சாலையின் பண்டங்களைச் சீராக்கலாம். விளையாட்டு நேரத்தைப் பறிக்காதிருக்கலாம். காலையில் உண்ணாது வந்த பிள்ளையை அறியலாம். எடை மிகுந்த பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புமாறு பெற்றோரிடம் தனியே கூறலாம்.

இவற்றில் ஒன்றையும் செய்யாமல் ஏளனம் மட்டும் செய்பவர் ஆசிரியர் எனும் பெயருக்குரியர் அல்லர். ஏளனம் எந்தப் பிள்ளையின் பசியையும் தணித்ததில்லை. பள்ளிக்கு வரும் ஆசையையே அது தணிக்கும்.