அனுப்பியது நான்கு, சேர்ந்தது ஒன்று!

(மூன்றாமாண்டு, கணிப்பொறி அறிவியல்)

முன்பெல்லாம் விண்ணப்பம் என்றால் ஒரு தாள். சான்றிதழ் நகல்களை அதனுடன் குண்டூசியால் குத்தி, அடியில் 'இணைப்பு: 4' என்று எழுதி அனுப்புவார்கள். உறையைப் பிரிக்கும் எழுத்தர் தாள்களை எண்ணி, அந்த வரியோடு ஒத்துப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இன்று கல்லூரிச் சேர்க்கை முதல் வேலைவாய்ப்பு வரை விண்ணப்பங்கள் இணையத்தின் வழியே போகின்றன. தாள் போயிற்று, குண்டூசியும் போயிற்று. போகட்டும். அவற்றோடு 'இணைப்பு: 4' என்னும் அந்த ஒரு வரியையும் நாம் தொலைத்துவிட்டோம் என்பதே என் குறை.

இந்தக் குறையைப் பிறர்மேல் சுமத்த நான் வரவில்லை. முதற் குற்றவாளி நானே. சென்ற ஆண்டு நமது துறை நடத்திய கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் பதிவுப் படிவம் எழுதியவன் நான். ஒரு குழுவுக்கு நால்வர். ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டையின் படமும் வேண்டும். பதிவு முடிந்ததும் எத்தனை குழுக்கள் என்று எண்ணினேன். குழுவுக்குள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. போட்டியன்று காலை பட்டியலை அச்சிட்டால், எல்லாக் குழுக்களிலும் கடைசி உறுப்பினரின் பெயர் மட்டுமே இருந்தது!

கையில் அட்டை வைத்திருந்தவர்களைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டோம். இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு குழுவினர் மட்டும் அட்டையைக் கொண்டு வரவில்லை. "நாலு பேர் அட்டையையும் நானேதான் ஏத்தினேன் அண்ணா. 'பெற்றுக்கொண்டோம்'னு வந்துச்சே!" என்றாள் அவர்களுள் ஒருத்தி. அவள் சொன்னது உண்மை. நான்கும் வந்தன, என் நிரல் மூன்றைக் கைவிட்டது. விதியை மீற நடுவர்களுக்கு மனமில்லை. அவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

இது எப்படி நேர்ந்தது? படிவத்தை அனுப்ப இணையத்தில் பெரிதும் வழங்கும் உறைகள் இரண்டு. முதலாவது, எல்லா விடைகளையும் ஒரே நீண்ட வரியாகக் கோத்து அனுப்புவது. அதில் கோப்பு ஏறாது. கோப்பின் பெயர் மட்டுமே போகும். கோப்பையும் அனுப்ப 1995-இல் இரண்டாம் உறையை வகுத்தார்கள். மல்ட்டிபார்ட் என்று அதற்குப் பெயர். ஒரு பெட்டிக்குள் தடுப்புகள் வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு பொருளை இட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டுவது போன்றது அது. சீட்டில் படிவக் கட்டத்தின் பெயர் இருக்கும். கோப்பாயின் கோப்பின் பெயரும் வகையும் இருக்கும். ஆனால் 'இது நால்வர் அடங்கிய பட்டியல். இவர் அதில் மூன்றாமவர்' என்று எழுத அந்தச் சீட்டில் இடமில்லை. நம் பாடநூல் 'அணி' என்று சொல்லும் பட்டியலை அந்தப் பெட்டி அறியாது. ஒரே பெயருடைய நான்கு அறைகளைத்தான் அது அறியும்.

அப்படி ஒரே பெயர் திரும்ப வருவது தவறும் அன்று. ஒரே கட்டத்தில் பல கோப்புகள் இருந்தால் அதே பெயரில் தனித்தனி அறைகளாக அனுப்புக என்றே 2015-இல் வந்த திருத்திய விதி சொல்கிறது. வேற்றுமை எல்லாம் பெறுகிற இடத்தில்தான். பிஎச்பி மொழி, பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குறி இல்லையென்றால் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ஜாவா சர்வ்லெட்டில் ஒரு மதிப்பைக் கேட்டால் முதலாவதைத் தரும். ஜாங்கோவில் கேட்டால் கடைசியைத் தரும். எல்லாவற்றையும் தா என்று கேட்க இரண்டிலும் வேறு கட்டளை உண்டு. கேட்கத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். நான் பிஎச்பியில் எழுதினேன், அடைப்புக்குறி போடவில்லை. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. மூன்று பேர் ஓசையின்றி மறைந்தார்கள்.

இந்த ஆண்டு அடைப்புக்குறி போட்டேன், நால்வரும் வந்தார்கள். தீர்ந்தது தொல்லை என்று எண்ணினேன். 'இரவு தங்க இடம் வேண்டும்' என்று டிக் அடிக்கும் கட்டம் ஒன்றையும் ஒவ்வொருவருக்கும் சேர்த்திருந்தேன். சோதனையில் இரண்டாமவருக்கும் நான்காமவருக்கும் டிக் அடித்து அனுப்பினார் பேராசிரியர். பட்டியலில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது! டிக் அடிக்காத கட்டத்தைப் பிரவுசர் அனுப்புவதே இல்லை. ஆகவே நான்கு பெயர்களுக்கு இரண்டே டிக்குகள் வந்தன. அவை மேலிருந்து முதல் இரண்டு பெயர்களோடு ஒட்டிக்கொண்டன. உண்மையிலேயே போட்டி நாளாக இருந்திருந்தால், நான்காவதாகப் பெயர் கொடுத்த பெண் இரவில் எங்கே போவாள்? பெயர் தொலைவதைக் காட்டிலும் ஒருவருடையது இன்னொருவருக்குப் போய்ச் சேர்வது கொடிது. தொலைந்தது ஒருநாள் தெரியும். மாறியது கடைசிவரை தெரியாமலே போகலாம். வெற்று அடைப்புக்குறி போதாது. அதற்குள் 0, 1, 2, 3 என்று எண்ணையும் இட வேண்டும் என்று அன்று கற்றேன்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாவற்றையும் ஜேசன் வடிவில் அனுப்பிவிடலாமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜேசனுக்குப் பட்டியல் நன்றாகத் தெரியும். ஆனால் படத்தையும் பிடிஎஃப்பையும் அது உள்ளபடியே சுமக்காது. அவற்றை எழுத்துகளாக மாற்றித்தான் அதில் ஏற்ற முடியும். வழக்கமான முறையில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகின்றன. 3 மெகாபைட் படம் 4 மெகாபைட் ஆகிறது. அந்தக் கூடுதற் சுமையை மெதுவான கைப்பேசி இணைப்பில் காத்திருக்கும் கிராமத்து மாணவன் அல்லவா சுமக்கிறான்?

என் கருத்து இது. பட்டியலை ஜேசனாக எழுதி, பெட்டியின் ஓர் அறையில் வையுங்கள். கோப்புகளை உள்ளபடியே மற்ற அறைகளில் வையுங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் 'என் அட்டை இந்த அறையில் இருக்கிறது' என்று அறையின் பெயரைக் குறியுங்கள். அப்போது வந்த வரிசையை நம்ப வேண்டியதில்லை. பெயரும் படமும் இடம் மாறா. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதைச் செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. பட்டியலை அப்படியே பெட்டியில் போட்டால் அது காற்புள்ளியிட்ட ஒரே சொற்றொடராகிவிடும். பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் ஒருவர் இருவராவார். ஜேசனாக மாற்றிய பின்னரே போட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத சிறு படிவமாயின், எண்ணிட்ட அடைப்புக்குறியே போதும்.

ஆயினும் எந்த முறையும் எண்ணிப் பார்ப்பதற்கு ஈடாகாது. பிஎச்பியில் நாம் மாற்றாதவரை ஒரு முறைக்கு 20 கோப்புகள்தாம், 21-ஆவது விடுபடும். மொத்தம் 8 மெகாபைட்டைத் தாண்டினால் பெயரும் கோப்பும் எதுவுமே நிரலின் கைக்கு வாரா. அப்போதும் 'பெற்றுக்கொண்டோம்' என்று நன்றி சொல்லும் படிவத்தை எழுதுவது எளிது. நானே எழுதியிருக்கிறேன்!

ஆகவே படிவம் எழுதும் நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு கடமைகள் உண்டு என்பேன். ஒன்று, 'இணைப்பு: 4' என்ற பழைய வரியைப் படிவத்தில் மீண்டும் எழுதி, வந்தவற்றை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் ஏற்க மறுப்பது. மறுப்பு கொடுமை அன்று; கடைசி நாளுக்கு முன் கிடைக்கும் மறுப்பு ஓர் உதவியே. மற்றொன்று, 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நில்லாமல், பெற்ற பெயர்களையும் படங்களையும் வரிசையாக அனுப்பியவர்க்கே திருப்பிக் காட்டுவது. தன் பெயர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அதற்குரியவரைவிடச் சிறந்த சோதனையாளர் யார்?

நம் ஆய்வகப் பயிற்சியில் ஒரு பெயரும் ஒரு கோப்பும் ஏற்றினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. நான்கு பெயர், நான்கு கோப்பு, இரண்டு டிக் என்று ஒரு பயிற்சியைச் சேர்த்தருளுமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன். நாளை நம்முள் சிலர் உதவித்தொகைக்கும் வேலைக்கும் படிவம் எழுதப் போகிறோம். அங்கே விடுபடும் ஒரு பெயர் போட்டியோடு போகாது. ஒரு குடும்பத்தின் ஓராண்டோடு போகும்.

அந்தக் குழுவினருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அடுத்த போட்டிக்கும் வருவோம் என்று பதில் எழுதினார்கள். அடியில் நால்வரும் கையெழுத்திட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.