கல்லறை எழுத்துக்கும் மொழிபெயர்ப்பா?

இங்கிலாந்துத் திருச்சபைக்குரிய கோயில் இடுகாட்டில் நினைவுக்கல் நாட்டுவது எளிய செயலன்று. கல்லின் உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு. இன்ன கல் ஆகும், இன்ன கல் ஆகாது என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் வரம்பிட்டு வைத்திருக்கிறது. மெருகேற்றிய கருங்கல்லைப் பல இடங்களில் ஏற்பதே இல்லை. வரம்புக்குள் அடங்கும் கல்லுக்கு ஊர்க்குருவே இசைவு தரலாம். வரம்பு கடந்ததாயின் மறைமாவட்ட முறைமன்றத்தின் படி ஏறவேண்டும். அதுவரை கல்தச்சரின் உளி காத்துக்கிடக்கும். இசைவின்றி நட்ட கல்லைப் பிடுங்கியெறியச் சொல்லவும் அம்மன்றத்தால் முடியும்.

இவற்றையெல்லாம் குறைசொல்வதற்கில்லை. சாயும் கல் ஆளைக் கொல்லும். அளவற்ற கல் அடுத்தவர் குழியை அமுக்கும். ஆனால், கல்லை அளக்க வந்த கோல் மொழியை அளக்கத் தொடங்கினால்?

கோவென்றி நகரை அடுத்த எக்சால் என்னும் ஊரில் நடந்தது அதுதான். அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அம்மையார் ஒருவர் 2018-இல் மறைந்தார். அயர்லாந்து மரபு விளையாட்டுகளைப் புலம்பெயர்ந்த மண்ணில் வளர்த்தவர் அவர். ‘எங்கள் நெஞ்சங்களில் என்றென்றும்’ எனப் பொருள்படும் ஐந்து ஐரிசுச் சொற்களை அவர் கல்லில் பொறிக்க மக்கள் விரும்பினர். 2020-இல் முறைமன்ற நடுவர் மறுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு உடனிருந்தாலன்றி அச்சொற்கள் கல்லில் ஏறலாகாதாம்! படிப்பவருள் பெரும்பாலார்க்கு அவை விளங்கா என்பது ஒரு கரணியம். அம்மொழியைச் சூழ்ந்துள்ள உணர்ச்சிகளால் அதனை முழக்கம் என்றோ அரசியல் என்றோ சிலர் கருதக்கூடும் என்பது மற்றொன்று.

என்னே விந்தை! தாயை இழந்த பிள்ளைகளின் ஐந்து சொல் அரசியலாம். அதன்கீழ் ஆங்கிலம் அமர்ந்தால் மட்டும் அரசியல் அகன்றுவிடுமாம்! இங்கிலாந்துக் கோயில்களின் சுவரிலும் தரையிலும் இலத்தீன் எழுத்துகள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கின்றன. அவற்றை இன்று எத்துணைப் பேர் படித்துப் பொருளுணர்கின்றனர்? அவற்றின்கீழ் மொழிபெயர்ப்பை வெட்டுமாறு கல்தச்சரை எவரேனும் ஏவியதுண்டா? விளங்காமைதான் குற்றமென்றால் இலத்தீனும் குற்றவாளியே.

இடுகாடு பொதுவிடம், இழிசொல்லோ பகைச்சொல்லோ கல்லில் ஏறாமல் காக்கும் கடமை முறைமன்றத்துக்கு உண்டு. இதனை மறுப்பாரில்லை. அதற்கு, விண்ணப்பத்தாளில் பொருளைக் கேட்டறிந்தாற் போதுமே. பொருளறிவது வேறு, பொருளறிந்த பின்னும் கல்லின்மீதே ஆங்கிலத்தைக் காவல் வைப்பது வேறு. முன்னது காப்பு, பின்னது ஆளுகை.

ஐரிசு மொழியைச் சூழ்ந்த உணர்ச்சிகளும் வானத்திலிருந்து வீழ்ந்தவையல்ல. 1737-இல் இயற்றிய சட்டம் அயர்லாந்தின் வழக்குமன்றங்களில் ஆங்கிலத்தையே கட்டாயமாக்கிற்று. 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிசு பேசிய ஏழை உழவரையே மிகுதியாகக் கொன்றது, எஞ்சியோரைக் கப்பலேற்றியது. 1937-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிசை நாட்டுமொழியாகவும் முதல் ஆட்சிமொழியாகவும் ஏற்றது. இத்தனை இடர் கடந்த மொழி கடல் கடந்தவுடன் ஐயத்திற்குரியதாகி விட்டது. இழைத்த தீங்கால் எழுந்த உணர்ச்சியைக் காட்டியே, தீங்குற்ற மொழியின் வாயை மீண்டும் பொத்துவது எவ்வகை முறை?

அம்மையாரின் மக்கள் அடங்கவில்லை. ‘மொழிபெயர்ப்பு ஒரு வரிதானே, வெட்டிவிட்டுப் போகலாம்’ என்று எத்தனையோ பேர் இணங்கியிருப்பர். எதிர்ப்புக் குரல் இரு நாட்டிலும் எழுந்தது. வழக்கு காண்டர்பரி மேன்முறை மன்றத்துக்குச் சென்றது. 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்மன்றம் மறுப்பை நீக்கி, மொழிபெயர்ப்பின்றியே அச்சொற்களைப் பொறிக்க இசைவளித்தது. அடுத்த ஆண்டில் தபுளின் இசைக்குழு ஒன்று அவ்வைஞ்சொல்லையே தலைப்பாக்கிப் பாடல் வெளியிட்டது.

ஐந்து சொல் வெட்டக் கல்தச்சருக்கு எத்துணை நாழிகை ஆகியிருக்கும்? இசைவுக்காகவோ, 2018-இல் மறைந்தவரின் கல்லறை 2021 வரை காத்துக்கிடந்தது.