உறவு முறிந்த வீட்டின் பிள்ளை

2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்சரிவில் புதைந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகளுள் சிலர் தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்தனர். இத்தகைய வேளைகளில், காதல் மணத்தாலோ சொத்துப் பிணக்காலோ பல்லாண்டாகப் பேச்சற்றுப்போன தம்பியின் பிள்ளையை அத்தை ஒரே நாளில் பொறுப்பேற்க நேர்வது மலையகத்தில் புதிதன்று. ஓர் அறையும் அடுப்படியும் மட்டுமேயுள்ள லயக்காம்பராவில் இன்னொரு பாய் விரியும், பழைய பகையை எவரும் அப்பிள்ளைமீது ஏற்றுவதில்லை. மெய்யாகவே போற்றத்தக்க இப்பண்பு சட்டப் பதிவுகளில் இடம்பெறாமலே போவதுதான் இடர். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், காப்பாரற்ற பிள்ளையைத் தகுதியுடைய ஆளிடம், அதாவது பராமரிக்க இசைந்த உறவினரிடமோ பிறரிடமோ, நீதிமன்றம் ஒப்படைக்க இடமளிக்கிறது. ஆனால் வேலைக்குப் போகாத நாளில் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழாத கொழுந்துத் தொழிலாளி இதற்காக நீதிமன்றத்துக்கு எத்தனை முறை அலைய முடியும்? நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்கள அலுவலர்கள் தோட்டத்துக்கே வந்து, பிறப்புச் சான்றிதழின் பிரதி தொடங்கிப் பாதுகாவல் விண்ணப்பம்வரை தமிழிலேயே முடித்துக் கொடுக்க வேண்டும்.