வலைக்கும் வயலுக்கும் வர்த்தமானி விலங்கா?

தேசப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்நாட்டில் ஒரு மந்திர வலிமை உண்டு. அதை உச்சரித்ததும் நாடாளுமன்றம் வாய் மூடும். அதிகாரி முத்திரை குத்துவார். அதன்பின் கமக்காரன் தன் வயலுக்குப் பசளை வாங்க இயலாமற் போவதும், கடற்றொழிலாளி தன் வள்ளத்துக்கு இயந்திரம் பூட்ட இயலாமற் போவதும் "தவிர்க்க முடியாத சிரமம்" என்ற கணக்கில் எழுதப்பட்டுவிடும். மன்னார் மண் இக்கணக்கை நன்கறியும். அதற்கான விலையை மட்டும் எந்த அரசாங்கமும் இன்றுவரை கொடுத்துத் தீர்த்ததில்லை.

இந்த விலங்கின் முதற் கண்ணி தமிழருக்காக வார்க்கப்பட்டதன்று. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947 ஆம் ஆண்டில், வெள்ளையர் ஆட்சி முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரை அடக்க வந்தது. அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் ஓர் அவசரகால ஒழுங்குவிதியால் மேவிவிடலாம் என்ற அதிகாரம் அதிலே உண்டு. சுதந்திரம் வந்தது, கட்டளைச் சட்டம் போகவில்லை. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக் காலத்துக்கென்று வந்து, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. "தற்காலிக ஏற்பாடுகள்" என்னும் சொற்கள் அதன் பெயரிலிருந்து மட்டும் அகலவில்லை. நம் அகராதிக்காரர்கள் தற்காலிகம் என்ற சொல்லுக்குப் புதிய பொருள் எழுதட்டும்!

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் நடந்ததை எண்ணிப் பாருங்கள். புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகளுக்குப் பொருள்கள் செல்ல ஒழுங்குவிதிகளால் தடை விதிக்கப்பட்டது. சீமெந்து, யூரியா, எரிபொருள், டோர்ச் பற்றரி, உதிரிப்பாகம் எனப் பட்டியல் நீண்டது. மன்னார்த் தீவு ஒரு கையில், எதிரேயுள்ள பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி மறு கையில். இடையே உயிலங்குளம். ஒரே மாவட்டத்தின் வணிகனுக்கும் கமக்காரனுக்கும் நடுவே, இரு நாடுகளுக்கு நடுவே இருக்கக்கூடிய சுங்கச் சாவடியை விடக் கொடிய தடை எழுந்தது. தடைக்குட்பட்ட வடபுலத்தில் மக்கள் ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இதனை நம் மக்களின் கைத்திறன் என்று இன்று மெச்சுவோர் உளர். மெச்சட்டும். ஆனால் மோட்டாரையும் மின்சாரத்தையும் உலகம் மேலும் மேலும் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட ஆண்டுகளில், ஒரு தலைமுறை முழுவதும் பின்னோக்கி நடக்கக் கட்டளையிடப்பட்டது என்பதே இதன் பொருள்.

யூரியாவிலிருந்து வெடிமருந்து செய்யலாமே என்பார்கள். செய்யலாம், மறுக்கவில்லை. போர்க்காலத்தில் ஓர் அரசு சில பொருள்களைக் கட்டுப்படுத்துவதும் உலகில் இல்லாத வழக்கமன்று. ஆனால் கட்டுப்பாடு வேறு, பட்டினி வேறு. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைக்கும் ஒருவனுக்கு இத்தனை ஏக்கருக்கு இத்தனை அந்தர் என்று கணக்கிட்டுக் கொடுத்து மேற்பார்வை செய்வது நிருவாகம். ஐயத்தின் பேரில் வயலையே தரிசாக்குவது தண்டனை. அந்தத் தடையால் போர் நின்றதா? 2009 மே மாதம் வரை நிற்கவில்லையே! நின்றது உழவும் தொழிலும்தான்.

கடலின் கதை இதனினும் கொடிது. 2002 பெப்ரவரி 22 இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கரையோரப் படைமுகாம்களின் இருபுறமும் ஒவ்வொரு கடல்மைலும், கடல்நோக்கி இரண்டு கடல்மைலும் மீன்பிடிக்கலாகாது என்று அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சமாதானப் பத்திரத்திலேயே இத்தனை என்றால், போர்ப் பத்திரத்தில் எத்தனை இருந்திருக்கும்? ஆழ்கடலுக்கு அஞ்சாத பேசாலையானும் வங்காலையானும் ஆண்டுக்கணக்காக அனுமதிச்சீட்டுக்குக் காத்து நின்றார்கள். முள்ளிக்குளத்தார்க்கோ கரையே பறிபோனது. குளமும் வயலும் கடலும் ஒருங்கே வாய்த்த அவ்வூரிலிருந்து 2007 செப்ரெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தும் ஊர் திரும்பவில்லை; அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் எழுந்தது. மக்கள் வீதியிற் குந்தியிருந்து போராடிய பின்னரே, 2017 இல் நூறு ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை சொன்னது.

பாதுகாப்பின் பெயரால் பறித்தவர்கள் கொழும்பில் மட்டுமே இருந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். 1990 ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியாரின் கடையும் வள்ளமும் வீடும் அங்கேயே கிடந்தன. அதற்கும் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பே. துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் இச்சொல் அவர் நாவில் எளிதாக வந்து அமர்ந்துவிடுகிறது.

பழங்கதை எதற்கு என்கிறீர்களா? 2011 ஓகஸ்டில் அகன்ற அவசரகால நிலை 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்துச் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. ஆளில்லா வானூர்திகள் யாவும் தடுக்கப்பட்டன. குண்டு வைத்தவனுக்கும், வானூர்தியால் நிலம் அளந்து பிழைத்தவனுக்கும் என்ன உறவு? 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

பெருமுதலாளிக்கோ இதே சொல் வேறு வடிவில் வருகிறது. யாழ்ப்பாணத் தீவுகள் மூன்றில் மின்னுற்பத்தி செய்ய, கேள்விப்பத்திரத்தில் வென்ற சீன நிறுவனமொன்றுக்கு 2021 இல் அனுமதி கிடைத்தது. இந்தியா பாதுகாப்புக் கவலை தெரிவித்தது, திட்டம் கைமாறியது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று காற்றாலைத் திட்டம், போட்டிக் கேள்விப்பத்திரமே இன்றி அதானி நிறுவனத்துக்குச் சென்று, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் தானே விலகியது. தில்லியும் பீஜிங்கும் தம் பாதுகாப்பைத் தாமே பேசிக்கொள்கின்றன. தீவுக்காரனின் பாதுகாப்பை யார் பேசுவது? நம் கரையில் எந்த இயந்திரம் சுழலலாம் என்பது நம்மைக் கேளாமலே தீர்மானிக்கப்படுகிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக 2018 இலும் 2023 இலும் சட்டமூலங்கள் வரையப்பட்டன, இரண்டும் நிறைவேறவில்லை. ஓர் இடத்தைத் "தடைசெய்யப்பட்ட இடம்" என்று அறிவிக்கும் அதிகாரம் அவற்றிலும் இருந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் முள்ளிக்குளத்தின் முள்வேலி மாறாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் கேட்பது அரசைக் கவிழ்க்கும் கோரிக்கையன்று. பாதுகாப்பின் பெயரால் ஒரு தொழிலையோ பொருளையோ கருவியையோ தடுக்கும் ஒவ்வோர் ஆணையிலும் அதன் காரணம் எழுதப்பட வேண்டும். அது முடியும் நாள் குறிக்கப்பட வேண்டும். இழப்படைந்தவனுக்கு ஈடு வகுக்கப்பட வேண்டும். அந்நாள் கடந்தும் தடை நீடித்தால், மன்னார் நீதிமன்றத்திலேயே அதனை எதிர்த்து வழக்காட வழி வேண்டும். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆறு ஆசனங்கள் உண்டு. அடுத்த பாதுகாப்புச் சட்டமூலம் சபைக்கு வரும் நாளில் இந்த நான்கையும் திருத்தங்களாக முன்மொழிய அந்த அறுவரும் ஒருமித்து எழுவார்களா, இல்லையா? விடையை அவர்கள் பேசாலைக் கரைக்கும் முருங்கன் வயலுக்கும் நேரில் வந்து சொல்லட்டும்.