ஆய்வேடு எழுதும் நம் வீட்டுப் பிள்ளை



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, முன்பு என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்த பெண் ஒருத்தி தன் தாயாருடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இப்போது அவள் முதுகலை மாணவி. தாயார் இன்னமும் பால்மரம் வெட்டுகிறவர். மகளின் கையில் நாற்பது பக்கக் காகிதக் கட்டு. அவ்வளவிலும் சிவப்புக் கோடு.

"வாத்தியாரய்யா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு எழுதுனா. திருப்பிக் குடுத்துட்டாங்க. இப்ப படிப்பையே விட்டுடறேங்கிறா" என்றார் தாயார். மகள் வாயே திறக்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். அவள் எடுத்துக்கொண்ட பொருள் நல்ல பொருள். தோட்டம் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்கள் எங்கே போயின, என்ன ஆயின என்பது. அவளுடைய பாட்டியின் கதையே அதுதான். ஆனால் அந்த நாற்பது பக்கத்தில் பாட்டியும் இல்லை, பேத்தியும் இல்லை. ஒரு புத்தகத்திலிருந்து இரண்டு பத்தி, இன்னொன்றிலிருந்து மூன்று பத்தி, இடையில் ஒட்டுப் போட ஒரு "மேலும்", ஒரு "எனவே". யார் சொன்னது என்ற குறிப்பும் பல இடங்களில் இல்லை. "இது யாருடைய வாக்கியம்?" என்று மேற்பார்வையாளர் பதினோரு இடத்தில் கேட்டிருந்தார்.

"திருடணும்னு செய்யல சார். அவங்க எழுதுனது நல்லா இருக்கு. நான் மாத்தி எழுதினா கெட்டுப் போயிடுமோன்னு பயம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பயத்தை அவளுக்குள் விதைத்தவர்களில் நானும் ஒருவன். 2021-இல் நிறுத்தப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நான் மாதிரிக் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவன். எழுத்துப் பிசகாமல் ஒப்பித்த பிள்ளைக்கு அதிக மதிப்பெண்ணும் போட்டேன். இவளும் அப்படி மதிப்பெண் வாங்கியவள்தான்.

நான் பயிற்சிச் சான்றிதழோடு நின்றவன். ஆய்வேடு எழுதியவன் அல்லன். ஆனாலும் படிப்பது எப்படி என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கலாமே என்று அவளை வாரந்தோறும் வரச் சொன்னேன். இரண்டு ஆங்கில நூல்களைக் கொண்டு வந்தாள். ஒன்று, கெர்னியல் சிங் சாந்து 1969-இல் வெளியிட்ட, மலாயா இந்தியர்களின் குடியேற்றம் பற்றிய நூல். மற்றது, ரவீந்திர ஜெயின் 1970-இல் வெளியிட்ட, ஒரு ரப்பர் தோட்டத்தைப் பற்றிய நூல்.

"முதல் வரியிலிருந்து படிக்காதே அம்மா. இவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று முதலில் தேடு" என்றேன். தேடினாள். சாந்து புவியியல் அறிஞர். 1786 முதல் 1957 வரையிலான வரலாற்றை அரசாங்க அறிக்கைகளையும் குடிக்கணக்கையும் கொண்டு எழுதியவர். ஜெயின் மானிடவியல் அறிஞர். 1962, 63-ஆம் ஆண்டுகளில் ஒரு தோட்டத்திலேயே தங்கி, மக்களோடு பழகிப் பார்த்ததை எழுதியவர். கப்பலில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை முதலாமவரிடம் கேட்கலாம். லயத்துக்குள் யார் பேச்சுக்கு மதிப்பு என்பதை இரண்டாமவரிடம் கேட்கலாம். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு எங்கே போனது என்று இந்த இரண்டு நூல்களும் சொல்ல முடியாது. பின்னால் வந்த நூல்களையும் தேட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பதில் கிடைக்காத கேள்வி எதுவோ, அங்கேதான் இவள் எழுத வேண்டியது தொடங்குகிறது. இதைச் சொன்னபோது பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இன்னொரு சிக்கல் மொழி. படிப்பது ஆங்கிலத்தில், ஆய்வேடு மலாயில், மனம் ஓடுவதோ தமிழில். நம் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் நிலை. ஒரு யோசனை சொன்னேன். நாலு பக்கம் படி, புத்தகத்தை மூடு, படித்ததை அம்மாவிடம் தமிழில் சொல். அம்மாவுக்கு விளங்கினால் உனக்கும் விளங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு அதையே உன் சொல்லில் நோட்டின் இடப்பக்கம் எழுது. நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் கட்டாயம். அவர் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடு. வலப்பக்கத்தை உன் சந்தேகத்துக்கு ஒதுக்கி வை.

தாயார் சும்மா இருக்கவில்லை. "அதெல்லாம் சரி, இதை யாரு சொன்னா? எப்ப சொன்னா?" என்று மகளைக் கேட்கத் தொடங்கிவிட்டாராம். மேற்பார்வையாளர் கேட்டதும் அதே கேள்விதானே!

மூன்று வாரத்தில் நாற்பது பக்கம் ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. தாயாருக்கு மனக்குறை. "ஏங்கய்யா, பால் நிறுவையில் எடையை மட்டுமா பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "தண்ணி கலந்தா மெட்ரோலாக் காட்டிக்குடுத்துடுமே!" என்றார். நல்ல பாலிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர் என்பது அவருக்குத் தெரியாததா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதியதைத் திருப்பிக் கொடுப்பது ஆய்வுப் படிப்பில் அன்றாட வழக்கம். தேர்வில் தோற்றதாக எண்ணிப் பிள்ளையைத் துளைக்காதீர்கள். "எப்பம்மா முடியும்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாட்டியின் முறை. தோட்டம் விற்கப்பட்டது எப்போது என்று கேட்டால், "பெரிய வெள்ளத்துக்கு முந்தி" என்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டுத் தாத்தாவோ, "வெள்ளம் வடிஞ்ச பிறகுதான்" என்கிறார். அவர்கள் சொல்வது 1971 ஜனவரி வெள்ளம். பேத்தி பாட்டி பக்கம் சாய்ந்து எழுதிவிட்டாள். அது சரியில்லை என்று நான் தடுத்தேன். இருவர் சொன்னதையும் எழுது, பிறகு நிலப்பதிவையும் பழைய பத்திரிகைகளையும் பார் என்றேன். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இப்போது இரவெல்லாம் அதில் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் பாட்டி சொன்னது தவறாகவும் போகலாம். அதற்கு அவள் தயாராகத்தான் இருக்கிறாள். பாட்டிதான் தயாராக இல்லை!

பாட்டிக்கு வேறொரு வருத்தமும் உண்டு. பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மறைத்து எழுதுவது ஆய்வில் வழக்கம். ஜெயின்கூடத் தாம் தங்கிய தோட்டத்துக்குப் 'பால் மெலாயு' என்று ஒரு புனைபெயர்தான் வைத்தார். பேத்தியும் அதன்படி, "மூதாட்டி 3" என்று குறித்திருந்தாள்.

"அப்ப நான் சொன்னதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார் பாட்டி.

பேத்தியிடம் பதில் இல்லை. ஒப்புதல் கையெழுத்து வாங்கிப் பாட்டியின் பெயரைப் போடலாமா என்று மேற்பார்வையாளரைக் கேட்டு எழுதியிருக்கிறாள். பாட்டிக்குக் கையெழுத்துப் போட வராது. கைநாட்டுச் செல்லுமா என்று என்னைக் கேட்டாள். அதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.